ஒரு துளியும் ஒழுகாத ரூலோத்

என் இரத்த அழுத்தத்தை அளந்த மருத்துவர் கருவியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, வேலை நேரம் போக வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். யோசிப்பேன் என்றேன். எதைப் பற்றி என்றார். அன்றைய பட்டியலைச் சொன்னேன்: சமையலறைக் குழாய், மகளின் பல்கலைக்கழக விண்ணப்பம், வெளிப்படியில் உறையப்போகும் பனி, காஸ் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பது. அப்போது ஓகஸ்ட் மாதம். எங்கள் வீட்டில் இருப்பது மின்சார அடுப்பு. அதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு தேவை என்றார்.

மாத்திரை எழுதித் தருவார் என்று போனவனுக்கு இது ஏமாற்றம்தான். தோட்டம் போடலாமே, மீன் பிடிக்கலாமே, நீந்தலாமே என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். தோட்டத்தை நினைத்தவுடன் தக்காளியைக் கடிக்கும் அணிலும், மீன்பிடியை நினைத்தவுடன் கவிழ்ந்த தோணியும், நீச்சலை நினைத்தவுடன் என் காதுக்குள் தண்ணீரும் வந்து நின்றன. கடைசியில், மனதை அமைதிப்படுத்த விரும்பும் ஒரு மனிதன் எதை மட்டும் தொடக்கூடாதோ அதைத் தேடிப் பிடித்தேன். ஐம்பது வயதான, உடைந்த, சக்கரம் வைத்த ஒரு வீடு.

காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையில் நிறுத்தி, உள்ளே படுத்து எழும்புகிற சின்ன வண்டியைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ட்ரெய்லர் என்பார்கள். கெபெக்கில் ரூலோத். எழுபதுகளில் இதை ஃபைபர் கிளாஸில் முட்டை வடிவத்தில் செய்தார்களாம். இப்போது அந்த முட்டைகளைத் தேடிப் பிடித்துத் திருத்துவது உலகம் முழுக்க ஒரு பைத்தியம். அதற்கென்று இணையத்தில் மன்றங்கள் இருக்கின்றன. பென்ஷன் எடுத்த பொறியியலாளர்கள் ஓர் ஆணியைப் பற்றி மூன்று வாரம் வாதாடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது மோட்சம்.

விற்பனைக்குப் போட்டிருந்த படத்தில் அது புல்லுக்குள் பாதி புதைந்து, ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. மறுபக்கத்தின் படம் இல்லை. கலியாணத் தரகர்கள் கொண்டு திரியும் படங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதிலேயே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. எங்கள் கோவில் பங்கில் கூரை வேலை செய்கிற ஓர் அண்ணையிடம் பெரிய ட்ரக் இருக்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு மொன்ரியாலுக்கு வடக்கே ஜோலியெத் பக்கம் போனேன். தண்ணீர் எங்கெங்கே ஒழுகும் என்பது அந்த அண்ணைக்கு அத்துப்படி. தான் போட்ட கூரைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டவர்.

மறுபக்கத்தில் ஒரு மேப்பிள் கிளை விழுந்து, பின்மூலையில் என் தலை போகிற அளவுக்கு ஓட்டை. உரிமையாளரான கிழவர் அதன் முன்னால் நின்றுகொண்டு, வண்டியைத் தடவி, அவளுக்குக் கொஞ்சம் அன்பு தேவை என்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான் என்றாலும் அந்த வசனத்தை அன்று நன்றாகப் படித்துக்கொண்டேன். கொஞ்சம் அன்பு தேவை என்றால் தரை இல்லை என்று பொருள். நான் உள்ளே காலை வைத்தேன், கால் புல்லில் நின்றது.

"தம்பி, உது வண்டியோ, முட்டைக்கோதோ?" என்றார் அண்ணை.

"ஃபைபர் கிளாஸ் அண்ணை. எனக்குத் தெரிஞ்ச சாமான்."

"உனக்கு என்னத்தைத் தெரியும்?"

"ஊரில போட் யாட்டில வேலை செய்தனான்."

"எத்தினை வருஷம்?"

"ரெண்டு."

"ரெண்டு வருஷமா என்ன செய்தனீ?"

"தேய்ச்சனான்."

அண்ணை அந்தத் தகுதியைக் கொஞ்ச நேரம் எடைபோட்டார். "அப்ப இதையும் கொண்டுபோய்த் தேய். தேய்ச்சு முடிய ஒண்டும் மிஞ்சாது. பிரச்சினையும் முடிஞ்சுது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் போதும் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு மீன்பிடிப் படகு செய்கிற இடத்தில் இரண்டு வருடம் சாண்ட் பேப்பரோடு நின்றேன். ரெசின் கலந்தது, கண்ணாடி நார்ப் பாயை விரித்தது, அச்சிலிருந்து படகைக் கழற்றியது எல்லாம் வேறு ஆட்கள். ஆனாலும் படகைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்று இருந்தது. அங்கே எல்லோரும் நாள் முழுக்கச் சத்தம் போட்டுச் சொன்னது அதுதான். ஓட்டை இருக்கக் கூடாது. குண்டூசி அளவு ஓட்டை என்றாலும் ஒரு குடும்பத்தின் சாவு. இந்த ஒற்றை அறிவை நாற்பது வருடம் பத்திரமாக வைத்திருந்து, கனடாவில் தப்பான பொருளுக்குப் பயன்படுத்தினேன்.

ரூலோத் எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டின் பின் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவி இரவு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைப் புரட்டி, துடைத்து, மாற்றிப் படுக்கவைக்கிற வேலை. பையைத் தோளில் இருந்து இறக்காமலே ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனப்பா, இதுக்குள்ள ஆர் செத்தது?"

"அணில் கூடு இருந்திருக்கு. எடுத்துப்போட்டன்."

"கார் விடுற இடத்தில நிப்பாட்டியிருக்கிறியள். கார் எங்க நிக்கும்?"

"ரோட்டில."

"பனிக்கு?"

"ரோட்டில."

"டொக்டர் உங்களுக்குப் பொழுதுபோக்கு வேணும் எண்டவர். எனக்குத் தண்டனை வேணும் எண்டு சொல்லேல்லையே," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். படுத்தும் பயனில்லை. எங்களுக்கு மேலே இருக்கும் குடும்பத்தில் ஓடப் பழகிய பிள்ளைகள் மூன்று. காலை எட்டு மணிக்குப் படுத்தால் பதினொன்றுக்கு எழுப்பிவிடுவார்கள். பல வருடங்களாக அவள் நித்திரை என்று சொல்லிக்கொள்வது இந்த மூன்று மணித்தியாலத்தைத்தான்.

அந்தக் கார்த்திகையில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த வருடங்களைக் கணக்குப் பார்த்து, அடுத்த ஜூலையில் ஒரு கிழமை லீவு தந்திருந்தார்கள். கெபெக்கில் ஜூலைக் கடைசியில் கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் ஒரேயடியாக விடுமுறை எடுப்பார்கள். மாகாணமே கதவைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் லீவு கிடைப்பது பெரிய விஷயம். செய்தி கேட்டு ஸ்காபரோவில் இருக்கும் அவளுடைய அக்கா உடனே நிகழ்ச்சி நிரல் போட்டுவிட்டாள்: ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, ஒரு கலியாணம், இரண்டு நாள் சேலைக்கடை, ஒரு நாள் நயாகரா.

மனைவி தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"எனக்கு நயாகராவும் வேண்டாம், சேலையும் வேண்டாம்," என்றாள். "ஒரு கிழமை நித்திரை கொள்ள வேணும். ஆரும் தலைக்கு மேல ஓடாத இடத்தில."

என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "ரூலோத்தில போவம். ஏரிக்கரை. ஒரு சத்தமும் இராது. ஜூலைக்கு முடிச்சுத் தாறன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. வயதானவர்கள் தாங்களே எழும்பி நடப்பேன் என்று சொல்லும்போது பார்ப்பாளாக்கும், அப்படி. "நான் அக்காவுக்கு வரேல்லை எண்டு சொல்லப்போறன்," என்றாள். "சொன்னால் சொன்னதுதான். அவ பேந்து கூப்பிட மாட்டா. விளங்குதோ?"

"ஓம்."

சொல்லியும் விட்டாள். அன்றிலிருந்து என் பொழுதுபோக்குக்குக் கெடு வந்தது. இரத்த அழுத்தத்தை நான் அளக்கவில்லை. அளந்து யாருக்கு என்ன லாபம்.

ஃபைபர் கிளாஸ் வேலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது போலத்தான். கண்ணாடி நாரில் செய்த பாயை வெட்டி வைத்து, ரெசின் பூசி, உருட்டி, இறுக விட்டு, தேய்த்து, மறுபடியும் வைத்து, மறுபடியும் தேய்ப்பது. ரெசினுக்குச் சூடு வேண்டும். குளிரில் இறுகாது. மொன்ரியாலில் ரெசினுக்கு ஏற்ற காலநிலை என்று ஒன்று வருடத்தில் இருபது நாள் இருக்கலாம். அதில் பத்து நாள் மழை. ஏப்ரலில் பொறுமை கெட்டு, மகளின் தலைமயிர் உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு போய் ரூலோத்தின் பின்மூலைக்குச் சூடு காட்டிக்கொண்டு நின்றேன். ஒழுங்கையில் நாயோடு போன பெண் நின்று பார்த்துவிட்டு, போன்ஜூர் சொல்லாமல் போனாள். கெபெக்கில் அது கடுமையான விமர்சனம்.

தூசி வேறு. கண்ணாடித் தூள் தோலுக்குள் ஏறிவிட்டால் இரண்டு நாளுக்குச் சொறி. நான் வேலை செய்யும் சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு நான் சொறிவதைப் பார்த்த மேற்பார்வையாளர், வீட்டில் மூட்டைப்பூச்சியா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, பொழுதுபோக்கு என்றேன். அவர் அடுத்த கிழமை முழுக்க என் பக்கத்தில் வரவில்லை.

இனி என் பெரிய சாதனைக்கு வருகிறேன். ரூலோத்தின் உடம்பு இரண்டு துண்டு. கீழே ஒரு கிண்ணம், மேலே ஒரு கிண்ணம், நடுவில் ஒட்டு. முதல் நாள் பார்த்தபோதே எனக்கு அது ஒரு படகின் மேல் இன்னொரு படகைக் கவிழ்த்து வைத்ததாகத்தான் தெரிந்தது. பிறகு உற்றுப் பார்த்தால் இந்தப் படகு முழுக்க ஓட்டை. கூரையில் பெரிதாக ஒரு திறப்பு. கீழே பக்கவாட்டில் பிளவு பிளவாக ஒரு தகடு. மேலே பின்பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. ஜன்னல் சட்டங்களின் அடியில் வரிசையாகச் சின்னத் துளைகள். கம்பனிக்காரன் குடித்துவிட்டுச் செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

மகள் ஸேஜெப்பில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில் படிக்கிறாள். இணைய மன்றத்தில் வரும் ஆங்கிலத்தை எனக்கு வாசித்துச் சொல்வது அவள் வேலை.

"அப்பா, இதில ஒராள் எழுதியிருக்கிறார், அந்தத் துளையள மூட வேண்டாமாம்."

"ஆர் அவர்?"

"ரிட்டயர்ட் இன்ஜினியராம்."

"போட் செய்திருக்கிறாரோ?"

"இது போட் இல்லை அப்பா. ரூலோத்."

"தண்ணிக்குத் தெரியுமோ, இது போட்டோ ரூலோத்தோ எண்டு?"

மகள் மடிக்கணினியை மூடினாள். "செ தா ரூலோத்," என்றாள். உன் வண்டி, உன் இஷ்டம் என்று அர்த்தம். தமிழில் சொன்னால் மரியாதைக் குறைவு என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள்.

மூடினேன். கூரைத் திறப்புக்கு மேல் மூன்று படை நார்ப் பாய். படகில் மோட்டார் பூட்டுகிற இடத்துக்குப் போடுகிற தடிப்பு. பக்கத் தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தையும் அடைத்தேன். திறந்து மூடுகிற ஜன்னல் என்றால் ஒழுகுகிற ஜன்னல்தானே. மூன்றையும் கழற்றிவிட்டு, திறக்க முடியாத தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி வைத்து நான்கு பக்கமும் பசை பூசினேன். கதவுக்குக் குளிர்பதனப் பெட்டிக்குப் போடுவது போல ரப்பர். உள்ளே புகைக்கு ஓர் எச்சரிக்கை மணி, காஸுக்கு ஒன்று, காஸே இல்லாத வண்டியில் கார்பன் மொனொக்சைட் நச்சுவாயுவுக்கு ஒன்று. எல்லா ஆபத்தையும் யோசித்து வைத்தேன். காற்று மட்டும் என் பட்டியலில் இருக்கவில்லை. அது எப்படியும் வந்து போகிற சாமான்தானே என்று விட்டிருப்பேன்.

ஜூன் மாதம் சோதனை. மனைவியைக் கையில் டோர்ச் லைட்டோடு உள்ளே இருத்தி, கதவை மூடிவிட்டு, அண்ணை கூரைமேல் குழாயால் தண்ணீர் அடித்தார். நான் வெளியே நின்று விசாரணை நடத்தினேன்.

"ஒழுகுதோ?"

"இல்லை. எனக்கு வேர்க்குது," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வேர்த்தால் பரவாயில்லை. ஒழுகுதோ?"

"இல்லையப்பா. வேர்க்குது எண்டு சொல்லுறன்."

"அண்ணை, இன்னும் கொஞ்சம் பின்மூலைக்கு அடியுங்கோ."

முக்கால் மணித்தியாலம் கழித்து அவள் வெளியே வந்தபோது குழாய்த் தண்ணீர் பட்டவளைப் போல இருந்தாள். ஆனால் உள்ளே ஒரு துளி ஒழுகவில்லை. அண்ணை கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது கடலுக்கும் போகும்," என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

புது வாகனம் என்றால் ஃபாதரைக் கொண்டு மந்திரிக்காமல் எங்கள் ஆட்கள் வீதியில் இறக்க மாட்டார்கள். ஐம்பது வயது வாகனம் என்றாலும் எனக்கு அது புதிதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்தார். ஜெபம் சொல்லி, வெளியே தீர்த்தம் தெளித்து, குனிந்து உள்ளே போய் மேலே, கீழே, சுவரில் எல்லாம் தாராளமாகத் தெளித்தார். பிறகு நின்று சுற்றிப் பார்த்தார்.

"ஜன்னல் திறக்கேலாதோ?"

"திறந்தால் ஒழுகும், ஃபாதர்."

பாவசங்கீர்த்தனத்தில், வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுப்பார்களே, அப்படி ஒரு பொறுத்தல் பொறுத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து மெத்தை வைக்கக் கதவைத் திறந்தோம். சுவரில் தீர்த்தத் துளிகள் அப்படியே முத்து முத்தாக நின்றன.

"என்னப்பா, இது இன்னும் காயேல்லை," என்றாள் மனைவி.

விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈரம். அந்த இடத்தில் சாதாரண மூளை உள்ளவன் யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டிருப்பான். நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் தொப்பியைக் கழற்றினார். "நல்ல அடையாளம் தம்பி. உன்ர வண்டியை விட்டுப் போக மனமில்லாமல் நிக்குது," என்றார். பங்கில் நாலு பேருக்குச் செய்தி போயிற்று. இரண்டு பேர் வந்து தொட்டும் பார்த்தார்கள். காற்றோட்டமில்லாத பெட்டி ஒன்றை நாங்கள் அற்புதமாக்கிவிட்டோம்.

ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை புறப்பட்டோம். மகள் கோடைகால வேலையைச் சாட்டி வீட்டில் நின்றுவிட்டாள். லோரான்சியன் மலைப்பக்கம் ஒன்றரை மணித்தியால ஓட்டம். எனக்கு நாலு மணித்தியாலம் பிடித்தது. ஒவ்வொரு ஓய்விடத்திலும் நிறுத்தி, கொளுக்கி, சங்கிலி, டயர், பின்விளக்கு என்று சுற்றி வந்தேன்.

"அது பின்னாலதான் வருது," என்றாள் மனைவி. "கண்ணாடியில தெரியுது."

"கொளுக்கி இளகினால்?"

"இளகினால் தெரியாமல் போயிடும். அப்ப நிப்பாட்டுங்கோ."

ஏரிக்கரையில் ரூலோத் நிறுத்த நாங்கள் வாடகைக்குப் பிடித்த இடத்துக்குப் போய்ச் சேரவும் மழை தொடங்கவும் சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். பத்து மாத உழைப்பைக் காட்ட மழையைவிட நல்ல பார்வையாளர் யார். மின்சார இணைப்பைக் கொளுவி, கதவை இறுக்கச் சாத்தினோம். மழைக்குள் வெளியே சமைக்க ஏலாது. மனைவி சின்ன மின்சார அடுப்பில் பானையை ஏற்றி, நீத்துப்பெட்டி வைத்து, புட்டு அவித்தாள். மூன்று தடவை. நாளைக்கும் சேர்த்து அவித்துவிட்டால் நாளைக்கு முழுக்கப் படுக்கலாம் என்றாள். பிறகு தேத்தண்ணி. பிறகு நனைந்த சட்டைகளைக் கயிறு கட்டிக் காயப்போட்டோம். கூரையில் மழை கொட்டுகிறது, உள்ளே ஒரு துளி இல்லை. நான் கைகளைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு கவலையில்லாமல் கண்ணை மூடியது அன்றைக்குத்தான். மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

விடியப்புறம் அவள் என்னைத் தட்டினாள்.

"எழும்புங்கோ. ஒழுகுது."

தலையணை நனைந்திருந்தது. போர்வை நனைந்திருந்தது. கூரை முழுக்கத் துளிகள் தொங்கின. ஒன்று சேர்ந்து கனத்தவுடன் டொக் என்று விழும், உடனே அந்த இடத்தில் இன்னொன்று ஊறும். நான் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். ஒவ்வொரு ஒட்டாகத் தடவிப் பார்த்தேன். ஏணி வைத்துக் கூரையில் படுத்துப் பார்த்தேன். எங்கும் ஒரு கீறல் இல்லை. நனைந்து திரும்பி வந்து, "ஒழுக ஏலாது. நான் செய்த வேலை," என்றேன்.

அவள் மேலே கையை நீட்டி ஒரு துளியை விரலில் எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது மழை இல்லை," என்றாள். "தேங்காய்ப்பூ மணக்குது. இது எங்கட புட்டு."

நானும் முகர்ந்தேன். புட்டுத்தான். தேத்தண்ணி, ஈரச் சட்டை, இரண்டு பேரின் ஓர் இரவு மூச்சு, எல்லாம் போக இடமில்லாமல் மேலே போய் ஒட்டிக்கொண்டு, குளிர்ந்து, எங்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பத்து மாதமாக நான் வெளியே இருக்கிற தண்ணீரோடு சண்டை பிடித்தேன். தண்ணீர் எங்களோடு உள்ளே ஏறி வந்துவிட்டது.

அவள் ஈரத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கதவுப் படியில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. இரவு முழுக்க ஒரு மணித்தியாலம்கூடப் படுக்கவில்லை என்று தெரிந்தது. நான் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டிருக்கிறேன். அவள் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஏன் முந்தியே எழுப்பேல்லை?"

"நீங்கள் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை," என்றாள். "குழப்ப மனம் வரேல்லை."

ஈரத் தலையணையை அவள் மடியிலிருந்து எடுத்துப் பிழிந்தேன்.

"வீட்டை போவம்," என்றேன். "பின்னேரம் ஸ்காபரோவுக்கு பஸ் இருக்கும். அக்காவோட நான் கதைக்கிறன்."

"அக்காட்டை இனி என்னெண்டு போறது? வீட்டில போய் அந்தப் பிள்ளையளின்ர ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறதோ? ஆறு நாள் இருக்கு எனக்கு." அவள் உள்ளே திரும்பிக் கூரையைப் பார்த்தாள். "எங்கட வேலை இடத்தில குளிப்பாட்டுற அறை ஒண்டு இருக்கு. அங்க காத்தாடி வேலை செய்யாட்டி இப்பிடித்தான் சுவர் அழும். இதுக்கு மூச்சுப் போக வழி வேணும். ஓட்டை போடுங்கோ."

"ஓட்டையோ?"

"முந்தி எங்க இருந்ததோ, அங்க."

"போட்டால் மழை பூரும்."

"பூரட்டும். ஒரு இடத்தில ஒழுகினால் கோப்பை வைப்பன். இப்ப முழு வீடும் ஒழுகுது."

துளைக் கருவி என்னிடம் இருந்தது. எந்த ஆபத்துக்கும் இருக்கட்டும் என்று வீட்டில் இருந்த கருவியெல்லாம் காரில் ஏற்றியிருந்தேன். பின்பக்கம், கூரை வளைந்து கவிகிற இடத்தில், மழை நேரே படாத மறைவில் முனையை வைத்தேன். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். பளபளவென்று மினுக்கி வைத்த வெள்ளை உடம்பு. இரண்டு வருடம் போட் யாட்டில் நின்றும் ஒரு படகுக்கு ஓட்டை போட்டதில்லை. அங்கே அப்படி ஒருவன் செய்திருந்தால் கடலுக்குள் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

"விடுங்கோ, நான் போடுறன்," என்றாள் பின்னால் நின்று.

"இல்லை. நான் மூடினது."

முதல் ஓட்டை விழ நெடுநேரம் பிடித்தது. நான் போட்ட தடிப்பு அப்படி. துளைத்து உள்ளே போனதும், அந்த ஓட்டையால் வெதுவெதுப்பான காற்று என் முகத்தில் அடித்தது. புட்டு மணம். மேலே எட்டு ஓட்டை, பிறகு கீழே எதிர்ப்பக்கத்தில் எட்டு. பதினோராவதில் கருவியின் மின்கலம் செத்துப்போனது. பக்கத்து இடத்தில் பேருந்து அளவு புது வண்டியோடு வந்திருந்த கெபெக்வாசி ஒருவர் காலையிலிருந்து தார்ப்பாய்க்குக் கீழே கதிரை போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கருவியைக் கொண்டுவந்து நீட்டினார். நல்ல வண்டிக்கு ஏன் ஓட்டை போடுகிறேன் என்று கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகமான மனிதர்.

ஓட்டைகளுக்கு உள்ளே நுளம்பு வராமல் மகளின் பழைய வலைக் காலுறைத் துணியை ஒட்டினேன். கதவைத் திறந்து வைத்து, சுவரைத் துடைத்து, மெத்தையைப் புரட்டி, காருக்குள் இருந்த காய்ந்த போர்வையை விரித்தேன். பத்து மணி இருக்கும். மழை விடவில்லை. வருடக்கணக்காகப் பகலில் படுத்துப் பழகியவளுக்கு அது படுக்கிற நேரம்தான். உள்ளே போனாள். கதவைச் சாத்தினேன்.

நான் உள்ளே போகவில்லை. இரண்டு பேரின் மூச்சு ஒரு பேரின் மூச்சைவிடக் கூட என்று இப்போது எனக்குத் தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு மேல் ஓட்டைகளைப் பார்த்தபடி வெளியே நின்றேன். தண்ணீர் விளிம்பால் வழிந்து கீழே போனது. உள்ளே போகிறதா என்று தெரியவில்லை. கீழ் ஓட்டைகளுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். பாம்பு ஏறுமா என்று யோசித்தேன். கரடிக்குப் புட்டு மணக்குமா என்று யோசித்தேன். பக்கத்து மனிதர் தன் வண்டியின் தார்ப்பாய்க்குக் கீழே வானொலியைப் போட்டார். நான் மழைக்குள்ளால் நடந்து போய், "மா ஃபாம் தோர்," என்றேன். என் மனைவி நித்திரை. அவர் வானொலியை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு கதிரை தந்தார். இரண்டு பேரும் என் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்குப் பிரெஞ்சில் அதற்குமேல் தெரியாது, அவருக்கும் தேவைப்படவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குக் கதவு ஒரு சாண் திறந்தது. தலைமயிர் கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு விழுந்து, அவள் எட்டிப் பார்த்தாள். நான் எழும்பி ஓடினேன்.

"ஒழுகுதோ?"

"தெரியாது," என்றாள். "என்ன நேரம்?"

"நாலு."

"மழை விட்டிட்டுதோ?"

"இல்லை. இன்னும் பெய்யுது."

"நல்லது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டாள்.